சந்தனத்துக்கு அடியில் ஒரு எஞ்சின் நம்பர்

பழைய காரை மீட்டெடுக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று, கராஜில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். சக்கரத்திலிருந்தா, பெயின்ட்டிலிருந்தா, வயரிங்கிலிருந்தா என்று உங்களுக்குள் சண்டை போட்டதையும் கேட்டேன். ஹட்டனில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆசனத்திலிருந்து தொடங்கினார். நல்ல தோல், நல்ல தையல். கடைசியில் அவரிடம் அருமையான ஒரு சோபா இருந்தது. கார் இல்லை.

என்னைக் கேட்டால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் அந்தக் காருக்குள் இருக்கும் எஞ்சின் அந்தக் காருடையதுதானா என்று பாருங்கள். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இல்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கம்பெனியும் தன் புத்தகத்தில் அச்சடித்ததில்லை. நான் அதைக் கற்றுக்கொண்டது நோர்வூட்டைத் தாண்டிப் பொகவந்தலாவைக்குப் போகும் வழியில், கொக்குப்பாறைத் தோட்டத்தில், ஒரு கோழிக் கொட்டகையில்.

அப்போது வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நாயை, பியானோவை, மனைவியை எடுத்துக்கொண்டு, எடுத்துப்போக முடியாததை விட்டுப்போனார்கள். கொக்குப்பாறையில் விட்டுப்போனது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் மனம் நோகும்.

புதிதாக வந்த தொரை இளைஞர், காலி நகரத்திலிருந்து வந்த சிங்களவர், கொழும்பில் படித்தவர். இப்படி வருகிறவர்களை எங்கள் ஆட்கள் ‘கறுப்புத் தொரை’ என்பார்கள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. நிறத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான். முந்தைய தொரையின் பங்களா அவருக்குக் கிடைத்தது, பங்களாவில் சமைக்கும் அப்பு கிடைத்தார், ரோஜாத் தோட்டம் கிடைத்தது. நுவரெலியாவில் ஏப்ரலில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் முந்தைய தொரை யுத்தத்துக்கு முன்னால் ஜெயித்த அந்தக் காரும் கிடைத்தது. ஜெயிப்பது மட்டும் கிடைக்கவில்லை. பிளான்டர்மார் கிளப்பில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதனால் புதுத் தொரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பாஸ், இந்த கார் முந்தி எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்,” என்றார். மெக்கானிக்குகளை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தொரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அவரும் அப்படித்தான் படித்திருந்தார். “ஏப்ரல்ல மலை ஏறணும். நீ செய்வியா?”

“பாத்துட்டுச் சொல்றேங்க தொரை.”

காரைச் சுற்றி நடந்தேன். பழைய காரைச் சுற்றி நடப்பதற்கு ஒரு முறை உண்டு. பெண் பார்க்கப் போனவன் மாதிரி நடக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போனவன் மாதிரி நடக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டி, வாயை மூடி, எல்லாவற்றையும் பார்த்து. மழையில் நனைந்து சுருண்ட பூனை மாதிரி கார் அங்கே கிடந்தது. மேலே கொழுந்துச் சாக்கு. உள்ளே சாரதியின் ஆசனத்தில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் குனிந்தபோது என்னைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் வந்த மெக்கானிக்குகளையும் அது பார்த்திருக்க வேண்டும்.

காரின் அடிச்சட்டமான செசியில் ஒரு பித்தளைத் தகடு. காரின் நம்பர், அதற்குக் கீழே எஞ்சினின் நம்பர். மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். நம்பர் வேறு. எஞ்சினைத் தாங்கும் இரும்பில் புதிதாகத் துளை போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு வெடிப்பு, அதைப் பித்தளைத் துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பித்தளைத் துண்டை எனக்குத் தெரியும். ஹட்டன் கடைவீதியில் அந்த எஞ்சினை, அது இருந்த வண்டியோடு, நானே தள்ளியிருக்கிறேன்.

“தொரை, இது பாண் வேன் எஞ்சினுங்க.”

“பாண்?”

“பாண், பனிஸ், கேக்கு. ஹட்டன்ல இருந்து ஓடுன வேன்.”

அவர் கோழியைப் பார்த்தார். “வெள்ளைத் தொரை இதுலயா ஓடினது?”

“கடைசிக் காலத்துல இதுலதான் ஓடியிருக்கணுங்க.”

“அப்ப ஒரிஜினல் எஞ்சின் எங்கே?”

யாருக்கும் தெரியவில்லை. அப்புவுக்குத் தெரியவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், தெரியாது என்றார்கள். ஒரு விஷயம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் இவ்வளவு ஒற்றுமையாக ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

நான் அவசரப்படவில்லை. இந்த மலைகளில் எதுவும் தூக்கி எறியப்படுவதில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் கூரையாகும், கூரை கதவாகும், கதவு கோழிக் கூடாகும். ஓடக்கூடிய ஓர் எஞ்சின் எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் தப்பு அடிப்பதற்கு முன்னால், கீழே ஓடைப் பள்ளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பனிக்குள் முகம் தெரியாமல் வந்தது. முதலில் இருமல், பிறகு தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல ஓர் உறுமல், பிறகு ஒரே சீராக மேலே ஏறிப் போய் அங்கேயே நின்றது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் படுக்க இடம் கொடுத்த காம்பராக்காரரிடம் அது என்ன என்று கேட்டேன். “பம்பு,” என்றார், போர்வையை இழுத்துக்கொண்டு.

ஒரு பம்பு அப்படிப் பாடக் கூடாது. பம்புகளுக்கு அந்தக் குரல் கிடையாது. ஓடைக்கு இறங்கினேன்.

தகரக் கூரை, நாலு கம்பம். வாசலில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பெயர் செல்லாயி. பகலெல்லாம் கொழுந்து பறிப்பவர். காலையில் பெரட்டுக்கு முன்னும் மாலையில் கொழுந்து நிறுத்த பின்னும் இந்தப் பம்பை ஓட்டுகிறவர்.

“யாரு?”

“ஹட்டன் கராஜ்ல இருந்து வந்திருக்கேங்க அக்கா. காரு பாக்க.”

“காரு மேல இருக்கு. இது பம்பு.”

“சத்தம் கேட்டு வந்தேன்.”

“சத்தம் கேட்டு வர்றதுக்கு இது என்னா காமன் கூத்தா? சரி, வந்துட்ட. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா.”

கழற்றினேன். சிமெந்து மேடையில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் வாடிய செவ்வந்தி மாலை, பக்கத்தில் கற்பூரத் தட்டு. எஞ்சின் தலை மூடியின் வடிவத்தைப் பார்த்தேன். பந்தயத்துக்கென்று செய்த மூடி. பம்புக்கு யாரும் அப்படி வளைத்துச் செய்ய மாட்டார்கள். இரண்டு கார்ப்ரேட்டர் இருந்த இடத்தில் ஒன்றைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிவது ஒரு வேலை, நிரூபிப்பது வேறு வேலை. நம்பரைத் தேடினேன்.

எஞ்சின் முழுக்க வளைவும் மேடும். தட்டையாக, வழவழப்பாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. நம்பர் வெட்டுவதற்குத் தோதான இடம் என்று இங்கிலாந்தில் ஒருவன் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பொட்டு வைப்பதற்குத் தோதான இடம் என்று கொக்குப்பாறை மேல் லயத்துக்காரர்களும் அதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சந்தனம், குங்குமம். பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியது. எஞ்சினின் சூட்டில் வெந்து வெந்து, அது பெருவிரல் கனத்துக்கு ஓடு மாதிரி இறுகியிருந்தது.

“இதக் கொஞ்சம் சொரண்டிப் பாக்கலாங்களா அக்கா?”

“ஒன் நெத்தியச் சொரண்டிப் பாக்கவா?”

பிறகு கதையைச் சொன்னார். கீழ் லயங்களுக்கு மலையிலிருந்து ஊற்று வருகிறது. பீலியில் தண்ணீர் தானாகவே விழும். மேல் லயத்துக்கு ஊற்றில்லை. ஓடையிலிருந்து பாறைப் படியில் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த பிறகு. அப்புறம் ஒரு பம்பு வந்தது. யுத்தக் காலத்தில் அதன் எஞ்சின் வெடித்தது. கப்பல் வரவில்லை, சாமான் வரவில்லை.

“தொரை சண்டைக்குப் போயிட்டாரு. காரு சும்மா நின்னுச்சு. நாங்க சும்மா நிக்க முடியுமா? தேயில ஸ்டோர்ல இருந்த எஞ்சின்காரரு, இப்ப இல்ல, திருச்சிப் பக்கம் போயிட்டாரு, அவருதான் கழட்டியாந்து இதுல பூட்டுனாரு.”

“தொரை திரும்பி வந்து கேக்கலியா?”

“வர்றாருன்னு தெரிஞ்சதும் எங்கயோ ஒரு எஞ்சினப் பிடிச்சு அதுல வச்சுட்டாங்க. ஏறி ஓட்டுனாரு. முந்தி மாதிரி மலை ஏற முடியலன்னு டாக்டர்ட்ட போய்ட்டு வந்தாரு.”

“டாக்டர் என்னா சொன்னாரு?”

“கண்ணாடி போடச் சொன்னாரு.”

அந்த மனிதர் கடைசிவரை தனக்குத்தான் தைரியம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கப்பலேறியிருக்கிறார். தொழிலில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கார் மெதுவாகப் போகிறது என்று யாராவது வந்தால், முதலில் எஞ்சினைப் பாருங்கள். மனிதனைப் பிறகு பார்க்கலாம்.

“இந்தப் பம்பு நின்னா?” என்று கேட்டேன்.

“படி இருக்கே. வயித்துல புள்ளயோட அந்தப் படியில விழுந்திருக்கேன் நான். குடம் நெளிஞ்சு போச்சு.”

மூலையில் அந்தப் பித்தளைக் குடம் இருந்தது. ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. குடத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

பொட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. சாமி கும்பிட ஆள் நிறைய, எண்ணெய் பார்க்க ஆள் குறைவு என்பதால் வந்த சட்டம். ஆயுத பூசைக்கு மேல் லயத்தில் ஒரு வீட்டார் முறை வைத்துப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷம் முழுக்க எண்ணெயும் வடிகட்டியும் அந்த வீட்டார் பொறுப்பு. எஞ்சின் நின்றுபோனால், பொட்டு வைத்தவர்தான் ஓடையிலிருந்து முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தூக்குவார்கள். எத்தனையோ கம்பெனிகளின் பராமரிப்பு விதிகளைப் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான ஒன்றைப் பார்த்ததில்லை.

திரும்பி ஏறும்போது நினைத்துக்கொண்டே போனேன். அது வேறு எஞ்சின் என்று சொல்லிவிடலாம். நம்பர் தெரியவில்லை, யாரும் மறுக்க முடியாது. மெக்கானிக் பொய் சொல்வதில்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலை என்றைக்கு முடியும் என்பதைப் பற்றி நாம் எல்லோரும் பொய் சொல்கிறோம், அது தொழில் வழக்கம். எஞ்சினைப் பற்றிச் சொன்னால் மட்டும் அது எங்கேயாவது, ஒரு வளைவில், யாருடைய உயிரோடாவது திரும்பி வரும். எனவே உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். ஆனால் அதைப் பங்களாவில் வைத்துச் சொல்லவில்லை.

“எஞ்சின் கெடைச்சிருக்குங்க. வந்து பாருங்க,” என்று மட்டும் சொல்லித் தொரையை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பங்களாவில் வைத்துச் சொன்னால் அது ஒரு காரின் எஞ்சின். அங்கே நின்று பார்த்தால்தான் அது எதைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

தொரை பார்த்தார். மேலே போகும் குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்தார். முட்டாள் இல்லை.

“புதுப் பம்பு கேட்டு கொழும்புக்கு எழுதலாம்,” என்றார். அப்புறம் தானே தலையை ஆட்டினார். “எழுதினா, மேல் லயத்த மூடு, ஆள கீழ அனுப்புன்னு சொல்லும். வேணாம். பாஸ், அந்த பாண் எஞ்சின் இங்க போடு. இத கார்ல போடு. முடியாதா?”

“போடலாங்க. ஆனா மேல் லயம் வரைக்கும் தண்ணி ஏத்துமான்னு ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“ஏத்திப் பாரு. முதல்ல நம்பர் பாக்கணும். சுரண்டு.”

நான் என் கையைப் பார்த்தேன். பிறகு செல்லாயியைப் பார்த்தேன்.

“சொரண்டலாம் தொரை,” என்றார் செல்லாயி. “சொரண்டுறவங்க திருப்பிப் பொட்டு வைக்கணும். வச்சா, எஞ்சின் நின்னுச்சுன்னா மொதக் கொடம் அவங்கதான் தூக்கணும். தம்பிக்குத் தெரியும். அதான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிது.”

தொரை சிரித்தார். “ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “நான் தூக்குறேன்.” பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

மேலே சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், பிறகு மறுபடி சிவப்பு, பிறகு எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒன்று. ஒவ்வொரு வருஷமும் ஒரு விரல் பதிந்திருந்தது. அவர் மெதுவாகத்தான் சுரண்டினார்; அதைச் சொல்ல வேண்டும். அடியில் இரும்பு தெரிந்தது. ஓர் எண், பக்கத்தில் இன்னோர் எண். தகட்டிலிருந்ததை நான் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடைசி எண்ணும் சேர்ந்தபோது தொரை பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வருஷங்களில் குடியுரிமை கொடுப்பதற்கு எங்கள் ஆட்களிடம் நீ எந்த ஊர், உன் தகப்பன் எங்கே பிறந்தான், அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லாயி நம்பரை எட்டிப் பார்த்தார்.

“எஞ்சினுக்கு ஊரு பேரு தெரிஞ்சு போச்சு. நமக்குத்தான் இன்னும் கவர்மெண்டு கச்சேரியில தேடிக்கிட்டு இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, தொரையிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். தொரை வைத்த பொட்டு முட்டைப் பொரியல் அளவுக்கு இருந்தது.

இப்படித்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மீட்டெடுக்கும் வேலையை நான் ஒரு பாண் வேனின் எஞ்சினிலிருந்து தொடங்கினேன். ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன், உடைந்ததை மாற்றினேன், மாற்ற முடியாததைத் திட்டினேன். அந்த விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். பந்தயத்துக்குப் போகும் எஞ்சினுக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. மாசி மாதம், ஓடை இளைத்துப்போயிருந்த ஒரு காலையில், பம்பிலிருந்த எஞ்சினை இறக்கிக் கார்க் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். பாண் எஞ்சினை மேடையில் ஏற்றினோம்.

“பாஸ், நீ அத திறந்து வேலைய ஆரம்பி,” என்றார் தொரை, கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி.

“அப்புறங்க.”

இறக்கிய எஞ்சினின் ஒரு நட்டைக்கூட நான் தொடவில்லை. மேல் லயத்துத் தொட்டியில் தண்ணீர் விழுந்த பிறகுதான் தொடுவது என்று வைத்திருந்தேன். அன்று நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அந்தச் செய்யாத வேலைதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை இடத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பதற்குள் இன்னொன்றைப் பிரித்துப் போடுகிறவனிடம் கடைசியில் இரண்டு குவியல் இருக்கும்.

பாண் எஞ்சினைக் கிளப்பினேன். நன்றாகத்தான் கிளம்பியது. குழாய் எழும்பித் துடித்தது. மலையில் ஆள் நிறுத்தியிருந்தோம். ஒருவர் குரல் கொடுக்க அடுத்தவர் வாங்கிக் கீழே அனுப்ப வேண்டும்.

“கீழ்த் தொட்டி தாண்டிருச்சு!”

“தாண்டிருச்சாம்!”

“நடு லயம் வந்துருச்சு!”

தொரை என் முதுகில் தட்டினார். பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் யாரும் போகவில்லை. மேல் லயத்துப் பெண்கள் தொட்டியைச் சுற்றிக் குடங்களோடு நின்றுகொண்டிருப்பதாக ஒரு குரல் வந்தது. அப்புறம் குரல் வரவில்லை.

“என்னா ஆச்சு?” என்று செல்லாயி கத்தினார்.

“நிக்கிது!”

“எங்க?”

“பாறைக்கிட்ட! ஏற மாட்டேங்குது!”

இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். எஞ்சின் தன்னால் முடிந்ததைச் செய்தது. பாவம், பாண் சுமந்து பழகியது. குழாய்க்குள் தண்ணீர் பாறைக்குக் கீழே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டல் கேட்கத் தொடங்கியது. கதவைத் தட்டுவது போல, மரியாதையாக.

“இன்னும் குடு பாஸ்!”

“குடுக்கக் கூடாதுங்க தொரை.”

“குடு சொல்றேன்! கொஞ்சம்தான் இருக்கு!”

கொஞ்சம்தான் இருந்தது. எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். அந்தத் தட்டல் உதையானால் எஞ்சின் தன் பிஸ்டன் கையைத் தானே உடைக்கும், உடைந்த கை பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தோட்டத்துத் தொரை உத்தரவு போடுகிறார், கண்டாக்கு பார்த்துக்கொண்டிருக்கிறார், கங்காணி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நிறுத்தினேன். முழுசாக நிறுத்தினேன்.

ஓடையின் சத்தம் திரும்பி வந்தது. குழாய்க்குள் ஏறியிருந்த தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கி வரும் சத்தமும் கேட்டது. நிறுத்திய எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள்.

செல்லாயி மூலைக்குப் போனார். நெளிந்த குடத்தை எடுத்தார். ஓடையில் முக்கி நிறைத்து, கொண்டுவந்து தொரையின் முன்னால் வைத்தார்.

கங்காணி பதறிவிட்டார். “ஏ செல்லாயி! தொரை அன்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னாரு!”

“எஞ்சின் வெளையாட்டுக்கா நின்னுச்சு?”

ஒரு கொழுந்துக்காரி, எல்லோரும் பார்க்க, தொரையின் காலடியில் குடம் வைத்திருக்கிறாள். பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்ப இதைவிடச் சின்னக் காரணங்கள் போதுமாக இருந்த காலம். தொரையின் காது சிவந்தது. அவர் கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு குழாயைப் பார்த்தார். பிறகு தொரை தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“எப்படி தூக்குறது?” என்று கேட்டார்.

தோளில் ஏற்றிவிட்டோம். நெளிந்த பக்கம் கழுத்துக்கு வந்தது. அது ஒன்றுதான் அந்தக் குடத்தால் ஆன உதவி. அவர் முன்னால், செல்லாயி பின்னால், நான் தொப்பியோடு அதற்கும் பின்னால். பாறைப் படி பாசி பிடித்தது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், நடுவில் ஓர் இடத்தில் படியே இல்லை; பாறையில் குழி மட்டும்தான்.

“இன்னும் எவ்வளவு?” என்றார் தொரை.

“பேசாம ஏறுங்க தொரை. பேசுனா தண்ணி சிந்தும்.”

அந்தக் குழி வந்த இடத்தில் அவர் கால் வழுக்கியது. முழங்கால் பாறையில் மோதியது, குடம் சாய்ந்தது. செல்லாயி குடத்தைப் பிடிக்கவில்லை. தொரையின் முதுகைப் பிடித்தார். “இங்கதான் நானும் விழுந்தேன்,” என்றார். தொரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இன்னும் எவ்வளவு என்று கேட்கவும் இல்லை.

மேல் லயத்துக்கு வந்து முதல் காம்பரா வாசலில் குடத்தை இறக்கினார். அந்த வீட்டுப் பெண் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“பாதிதான் இருக்கு,” என்றார்.

தொரை வாசற்படியில் உட்கார்ந்தார். காலுறையில் ரத்தம், சட்டை முழுக்கத் தண்ணீர். எதிரே வறண்ட தொட்டியையும் அதைச் சுற்றி வரிசையாக நின்ற குடங்களையும் பார்த்தார். எண்ணினாரோ என்னவோ. தொப்பிக்காகக் கையை நீட்டினார்.

“பாஸ், அந்த எஞ்சின் திறந்துட்டியா?”

“இல்லைங்க.”

“எங்க எடுத்தியோ அங்க போடு.”

பொழுது சாய்வதற்குள் போட்டுவிட்டேன். அதுவரை மேல் லயம் குடம் தூக்கியது. கொட்டகையில் அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தால் எத்தனை நாள் தூக்கியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இருமியது, உறுமியது, மேலே ஏறிப்போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் மலை முழுக்கக் குரல்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு இறங்கி வந்தன. என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

செல்லாயி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“தொரை வச்ச பொட்டு இருக்கே அக்கா.”

“தொரைங்க மாறிப் போவாங்க. நீ ஹட்டன்லதானே கெடக்கப் போற? வையி.”

வைத்தேன். நம்பர் மறுபடி உள்ளே போனது.

ஏப்ரலில் கார் நுவரெலியாவுக்குப் போனது, பாண் எஞ்சினோடு. எங்கள் தொரை கடைசியாக வந்தார். கடைசி என்றால், அவருக்குப் பிறகு பாதையைப் பெருக்குகிறவர்தான். கிளப்காரர் ஒருவர் கையில் கிளாஸோடு வந்து, ஒரிஜினல் எஞ்சின் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். தொரை மூடியைச் சாத்தியபடி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “பாஸ், இவருக்கு சொல்லு. அது தோட்டத்துல வேலைக்கு போயிருக்கு.”

ஓர் எஞ்சின் எந்தக் காருடையது என்பது நம்பரைப் பார்த்தால் தெரியும். நான் முதலில் சொன்ன, புத்தகத்தில் இல்லாத கேள்வி இது: இப்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது? இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து, வீட்டுக்கு வீடு முறை மாறாமல், பொட்டு என்னுடையது. அந்தப் பம்பு நின்ற போதெல்லாம் ஹட்டனிலிருந்து போய், முதலில் குடம் தூக்கி, பிறகு எஞ்சினைப் பார்த்திருக்கிறேன். வரிசை அதுதான், மாற்றிக் கேட்டேன், செல்லாயி அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. போன தடவை நடுவில் அந்தக் குழியில் என் முழங்கால் மடங்கவில்லை. மடங்கிய பிறகு நிமிரவில்லை. காருக்கு அடியில் கிடந்து கிடந்து வந்தது. டாக்டர் கண்ணாடி போடச் சொல்லவில்லை, வேலையை விடச் சொன்னார். கராஜை உங்களிடம் விட்டுவிட்டேன். குடம் தூக்க முடியாதவன் பொட்டை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே வருகிற ஆயுத பூசைக்கு உங்களில் ஒருவர் என்னோடு கொக்குப்பாறைக்கு வர வேண்டும். யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். அந்த எஞ்சினுக்கு மாற்றுச் சாமான் இந்த உலகத்தில் இல்லை. அதைப் பற்றிப் போகும் வழியில் பேசலாம். சந்தனம் நான் கொண்டுவருகிறேன். குடம் அங்கேயே இருக்கிறது. நெளிந்த பக்கத்தைக் கழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.